முதுகில் தொடங்கும் படம்

கறார் அக்காவின் இரண்டு கைகளும் கையுறைக்குள் இருந்தன. இடது கையால் பெரியம்மாவின் இடுப்பை ஒருக்களித்துத் தாங்கிக்கொண்டு, வலது கையால் வால் எலும்புக்கு மேலிருந்த படுக்கைப் புண்ணைத் துடைத்தார். உப்புக் கரைசலில் நனைத்த துணி. நடுவிலிருந்து வெளியே போக வேண்டும். வெளியே போன துணி திரும்ப உள்ளே வரக்கூடாது. ஒரு துடைப்புக்கு ஒரு துணி. புண் உள்ளங்கை அகலம் இருந்தது. ஓரம் சிவப்பு, நடுவில் மஞ்சள். நாற்றம் போன வாரத்தைவிடக் குறைந்திருந்தது. முகத்தைச் சுளிக்காமல் மோந்து பார்த்து அதைச் சொல்லத் தெரிவதும் இந்த வேலையில் சேர்த்தி.

பெரியம்மா என்று அக்கா கூப்பிடும் அந்த நோயாளி பக்கவாதத்தில் விழுந்தவர். வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் போய்விட்டது. காது கேட்கும், புத்தி தெளிவு. அவருடைய மகன் தெருமுனையில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அம்மாவை அவரும் மனைவியும்தான் முதலில் பார்த்துக்கொண்டார்கள். புண் வந்த பிறகுதான், வீட்டுக்கே ஆள் அனுப்பி நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் எங்கள் ஏஜென்சிக்குப் போன் செய்தார்கள். அக்கா முதல் நாள் போர்வையை விலக்கிப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக ஒரே பக்கமாகப் படுக்க வைத்திருக்கிறீர்கள் என்று மட்டும் கேட்டார். மகன் போர்வையின் ஓரத்தைச் சரி செய்தார். அக்கா மறுபடி கேட்கவில்லை. கேட்டால் புண் ஆறிவிடப் போவதில்லை.

கறார் அக்கா என்பது ஏஜென்சியில் நாங்கள் வைத்த பெயர். பிஸ்கட் தொழிற்சாலையில் டப்பா ஒட்டிக்கொண்டிருந்தவர். லாரி ஓட்டிய கணவர் ஒரு பயணத்தில் போனவர் போனவர்தான். வேறு ஊரில் வேறு குடும்பம் என்று பிறகு தெரிந்தது. அவர் விட்டுப்போன அம்மாவை, அதாவது தன் மாமியாரை, இவர்தான் கடைசிவரை கழுவித் துடைத்துப் பார்த்தார். அந்த அனுபவம் இருக்கிறதே என்று பயிற்சியில் சேர்ந்தார். மகளைக் கட்டிக் கொடுத்தாயிற்று. ஞாயிற்றுக்கிழமை மகள் பேசுவாள், அவ்வளவுதான் வீடு. நோயாளியின் பக்கத்தில் உட்கார்ந்து மூக்கைச் சிந்துகிற சொந்தக்காரர்களிடம், "வெளிய போய் அழுதுட்டு வாங்க. வரும்போது கையைக் கழுவிட்டு வாங்க" என்பார். இதற்காக இரண்டு வீட்டில் புகார் கொடுத்தார்கள். அந்த இரண்டு வீட்டிலும் நோயாளிக்குப் புண் வரவில்லை.

புண்ணைத் துடைத்து முடித்ததும் அதைப் போனில் வீடியோவாகப் படம் எடுக்க வேண்டும். நர்ஸ் வாரத்துக்கு ஒரு தடவைதான் நேரில் வருவார். மற்ற நாட்களில் படம்தான் போகும். இதற்கு எங்களுக்குத் தனிப் பயிற்சி உண்டு. ஒரே படமாக எடுக்க வேண்டும், நிறுத்தி நிறுத்தி எடுத்தால் எது எந்தப் புண் என்று சந்தேகம் வரும். கை ஆடக்கூடாது. எடுக்கும்போது பேசக்கூடாது. அடிபட்ட இடத்தைவிட்டுக் கண்ணை எடுக்கக்கூடாது. எல்லாவற்றுக்கும் மேலே, முகம் வரவே கூடாது. தப்பித் தவறி நோயாளியின் முகம் விழுந்த படத்தை அனுப்பினால் வேலை போய்விடும். நோயாளி தன் உடம்பை நம்மிடம் ஒப்படைத்திருக்கிறார், ஊருக்கு ஒப்படைக்கவில்லை. இது எங்களுக்கு மூச்சு விடுவது போலப் பழகிப்போன விஷயம்.

அன்று காலை வெளிச்சத்துக்காகக் அக்கா கட்டிலை மாடி ஜன்னலோரம் தள்ளியிருந்தார். கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டு, போனைப் புண்ணுக்கு நேராகப் பிடித்து ஓடவிட்டபோதுதான் கீழே தெருவில் சத்தம் கேட்டது.

தண்ணீர் கேன்காரரின் மூன்று சக்கர வண்டி கீழ் வீட்டு வாசலில் நின்றிருந்தது. போலீஸ் ஜீப் அந்த இடத்தில் திரும்ப முயன்று, முடியாமல் நின்றது. கேன்காரர் கீழ் வீட்டுக்குள் கேனை இறக்கப் போயிருந்தார். காலிக் கேன் ஒன்றைக் கையில் அணைத்தபடி வெளியே ஓடி வந்து, இதோ எடுத்துவிடுகிறேன் என்றார். இன்ஸ்பெக்டர் ஜீப்பிலிருந்து இறங்கினார். கூட ஒரு கான்ஸ்டபிள். பேச்சே இல்லை. இன்ஸ்பெக்டர் லத்தியோடு கேன்காரரை நெருங்கினார்.

அக்கா ஒரு கையால் போர்வையை இழுத்துப் பெரியம்மாவின் முதுகை மூடினார். மறு கையிலிருந்த போனை அப்படியே ஜன்னலுக்குத் திருப்பினார். நிறுத்தி மறுபடி தொடங்கவில்லை, அந்தப் பழக்கம் அவருக்குக் கிடையாது. கத்தவும் இல்லை. கை ஆடவில்லை.

முதல் அடி தோள்பட்டையில் விழுந்தது. கேன் விழுந்து உருண்டது. கேன்காரரும் விழுந்தார். இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துத் தரையில் ஊன்றி எழப் பார்த்தார். எழும்போதெல்லாம் அடி விழுந்தது. கான்ஸ்டபிள் ஒருமுறை தலையைத் தூக்கி ஜன்னலைப் பார்த்து, "ஏய், உள்ள போ" என்றார். அக்கா போகவில்லை. பெரியம்மாவின் நல்ல கை கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவரால் திரும்பிப் பார்க்க முடியாது. ஆனால் கேன்காரர் கத்தியது எல்லாம் அவர் காதிலும் விழுந்தது.

கேன்காரரை ஜீப்பில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். அக்கா போனை அணைத்தார். கையைக் கழுவினார். புதுக் கையுறை போட்டு, புண்ணுக்கு மருந்து வைத்துக் கட்டி, பெரியம்மாவை மறுபக்கம் திருப்பிப் படுக்க வைத்தார். திறந்த புண்ணை விட்டுவிட்டு ஓட முடியாது. அதற்குப் பிறகுதான் கீழே இறங்கி, நடுத்தெருவில் கிடந்த கேன்களை ஓரமாக எடுத்து வைத்துவிட்டு, கேன்காரரின் மனைவி வேலை பார்க்கும் தையல் பட்டறை எங்கே என்று விசாரித்துக்கொண்டு போனார்.

அந்த மனைவி சட்டைகளுக்குப் பட்டன் வைப்பவள். செய்தியைக் கேட்டுவிட்டு ஊசியைத் துணியில் குத்தி வைத்து எழுந்தாள். மாலைக்குள் அவளுக்குத் தெரிந்தது இதுதான்: கேன்காரரின் தோள் எலும்பு முறிந்திருக்கிறது, ஆஸ்பத்திரியில் காவலோடு படுத்திருக்கிறார், தண்ணீர் கேனைத் தூக்கிக் கான்ஸ்டபிளை அடித்தார், அதனால்தான் பலப்பிரயோகம் செய்ய வேண்டியதாயிற்று என்று வழக்கு. போலீஸை அடித்த வழக்கு என்றால் லேசில் வெளியே வர முடியாது.

அவள் தேடிப் பிடித்த வக்கீலம்மாவின் அறை ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்தது. அக்கா போனை மேசைமேல் வைத்து ஓடவிட்டார். வக்கீலம்மா இரண்டு தடவை பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அக்கா, முகம் எங்க?"

"எங்க வேலையில முகம் வரக் கூடாதும்மா."

படத்தில் லத்தி இருந்தது, அதை வீசிய முழங்கை இருந்தது, பூட்ஸ் இருந்தது. கேன்காரரின் தோள், முதுகு, விரிந்த கைகள் எல்லாம் துல்லியமாக இருந்தன. முகம் ஒன்றுகூட இல்லை. சட்டையில் குத்திய பெயர்ப்பட்டை இருக்கும் உயரத்துக்குப் போன் போகவே இல்லை. அக்கா பயிற்சியில் சொன்னபடி அடிபட்ட இடத்தையே பிடித்திருந்தார்.

வக்கீலம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "ஊர்ல எல்லாரும் முகத்தைத்தான் எடுப்பாங்க. கூடவே தன் முகத்தையும் எடுத்துப்பாங்க. எனக்குன்னு நீங்க வந்து வாய்ச்சிருக்கீங்க."

ஆனாலும் அவர் படத்தைத் தூக்கிப் போடவில்லை. யார் அடித்தார்கள் என்பதை இது சொல்லாது. ஆனால் கேன்காரர் அடிக்கவில்லை என்பதைச் சொல்லும். ஆரம்பம் முதல் கடைசிவரை அவருடைய இரண்டு கையும் படத்தில் இருந்தன. கேனை நெஞ்சோடு அணைத்திருந்த கைகள், பிறகு தரையில் ஊன்றிய கைகள். ஒரு தடவையும் ஓங்கவில்லை. பொது ரோட்டில் வேலையாக இருக்கும் போலீஸை யார் வேண்டுமானாலும் படம் எடுக்கலாம், அவர்கள் வேலைக்குக் குறுக்கே போகக்கூடாது என்பதுதான் சட்டம்; மாடி ஜன்னலில் நின்றவர் எப்படிக் குறுக்கே போயிருக்க முடியும் என்றார் வக்கீலம்மா. ஒரே ஒரு நிபந்தனை. படத்தை முழுசாகக் கொடுக்க வேண்டும், எடுத்த போனோடு.

"முன்னாடி கொஞ்சம் வெட்டிட்டுத் தரலாமா?" என்றார் அக்கா.

"வெட்டினா, எதை வெட்டினேன்னு கேப்பாங்க. வெட்டினது இதுன்னு நாம காட்டினாலும், இன்னும் எதை வெட்டினேன்னு கேப்பாங்க."

படம் பெரியம்மாவின் திறந்த முதுகில்தான் தொடங்கியது. இடுப்புத் துணி இறங்கியிருக்க, புண் திரை முழுக்க இருந்தது. அக்கா போனை எடுத்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, யோசித்துச் சொல்கிறேன் என்று கிளம்பினார். கேன்காரரின் மனைவி படிக்கட்டுவரை கூடவே வந்தாள்.

படம் இருக்கிற செய்தி எப்படியோ ஸ்டேஷனுக்குப் போய்விட்டது. இன்ஸ்பெக்டர் முதலில் இரும்புக் கடைக்குப் போய் உட்கார்ந்து டீ குடித்தார். பிறகு மகனையும் கூட்டிக்கொண்டு மாடிக்கு வந்தார். அக்கா பெரியம்மாவுக்குக் கஞ்சி புகட்டிக்கொண்டிருந்தார். ஸ்பூனைக் கீழே வைக்கவில்லை.

"ஏம்மா, போலீசைப் படம் எடுக்கறது தப்புன்னு தெரியாதா?"

"தெரியாது சார். கண்ணால பாத்தா தப்பில்ல, போனால பாத்தா தப்புன்னு யாரும் சொல்லித் தரல."

"போனைக் குடு. அழிச்சிட்டுத் தரேன்."

"வாங்கிக்கிட்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க, தரேன். அதுல என்ன இருந்துதுன்னும் எழுதுங்க."

இன்ஸ்பெக்டர் சிரித்தார். போனைப் பிடுங்க அவருக்கு ஒரு நிமிடம் போதும். ஆனால் இப்படி ஒரு படம் இருக்கிறது, பாதுகாக்க உத்தரவிடுங்கள் என்று வக்கீலம்மா அன்று காலையே கோர்ட்டில் மனு போட்டுவிட்டிருந்தார்; இனி போன் காணாமல் போனால் அது இன்ஸ்பெக்டரின் தலையில்தான் விடியும். அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். கட்டிலைப் பார்த்தார்.

"தனியாத்தான் இருக்கியாம்மா வீட்டுல?"

"ஆமா சார். என்னைவிடப் பெரிய ஆளையெல்லாம் தனியாத்தான் தூக்கறேன்."

அவர் போனதும் மகன் கதவைச் சாத்தினார். இதுவரை அக்கா, அக்கா என்றவர், முதல்முறையாக நீ என்று பேசினார். ஸ்டேஷன் தயவு இல்லாமல் அந்த முனையில் கடை நடத்த முடியுமா என்று கேட்டார். லோடு லாரியை ரோட்டில் நிறுத்தித்தான் சாமான் இறக்குகிறேன், நாளைக்கே அபராதம் போட ஆரம்பித்தால் நான் எங்கே போவேன் என்றார். அதெல்லாம் வெளிக்காரணம். உள்காரணம் அதற்குப் பிறகு வந்தது.

"எங்கம்மா முதுகைக் கோர்ட்டுல போட்டுக் காட்டப் போறியா? பாக்கறவன் என்ன சொல்வான்? பெத்தவளை அழுகிப்போக விட்டுட்டான்னு சொல்ல மாட்டான்?"

இதில் மகன் பக்கமும் நியாயம் இருந்தது. அழுகிப்போக விட்டதைப் பற்றியல்ல, அது நடந்ததுதான். ஆனால் பெரியம்மாவின் முதுகு யாருக்கும் காட்சிப் பொருள் இல்லை. அதைக் காக்கிறேன் என்று சொல்லித்தான் அக்கா அந்த வீட்டுக்குள் வந்தார். கேன்காரருக்காக அதை உடைத்தால், நாளைக்கு வேறு யாருக்காக எதை உடைப்பார்?

முடிவு மகனுடையதும் இல்லை, அக்காவுடையதும் இல்லை. முதுகு யாருடையதோ அவரைத்தான் கேட்க வேண்டும்.

பெரியம்மாவும் அக்காவும் பேசிக்கொள்ள ஒரு வழி வைத்திருந்தார்கள். நல்ல கையை அக்காவின் கைக்குள் கொடுப்பார். ஒரு அழுத்தம் என்றால் ஆமாம், இரண்டு என்றால் வேண்டாம். தண்ணீர் வேணுமா, திருப்பிப் படுக்க வைக்கவா, மின்விசிறி போதுமா, எல்லாம் இப்படித்தான். மகன் கடைக்குப் போனபின் அக்கா ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இருப்பதை இருக்கிறபடி சொன்னார்.

"அன்னிக்குக் கத்துனது நம்ம தண்ணி கேன்காரர்தான். அவர் கையை ஓங்கலன்னு நான் எடுத்த படத்துல தெரியுது. அதைக் குடுத்தா வெளிய வருவார். ஆனா படம் உங்க முதுகுலதான் ஆரம்பிக்குது. துணி இறங்கி இருக்கு, புண்ணு தெரியுது. ஜட்ஜ் பாப்பாரு, வக்கீலுங்க பாப்பாங்க, ரெண்டு மூணு ஆம்பளைங்களும் பாப்பாங்க. உங்க முகம் இல்ல. ஆனா உங்க வீடுன்னு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். குடுக்கட்டுமா?"

பெரியம்மா கண்ணை மூடிக்கொண்டார். அக்காவின் கையை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார். வேண்டாம்.

"சரி" என்றார் அக்கா. ஏன் என்று கேட்கவில்லை, கெஞ்சவில்லை. எழுந்துபோய் வக்கீலம்மாவுக்குப் போன் செய்து, தர முடியாது என்றார். மறுநாள் காலைதான் கேன்காரரை ஜாமீனுக்காகக் கோர்ட்டில் நிறுத்துகிறார்கள், படம் இல்லையென்றால் ஆள் உள்ளேயேதான் இருப்பார் என்று வக்கீலம்மா சொன்னார். பக்கத்தில் கேன்காரரின் மனைவி இருந்திருக்க வேண்டும். போனில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் மட்டும் கேட்டது.

சாயங்காலம் மகன் வந்தார். படம் கோர்ட்டுக்குப் போகவில்லை என்று அக்கா சொன்னதும் அவர் முகத்தில் ரத்தம் திரும்பியது. பழையபடி அக்கா என்று கூப்பிட்டார். நல்ல முடிவு எடுத்தீர்கள் என்றார்.

"நான் எடுக்கல. அம்மாவைக் கேட்டேன். வேண்டாம்னாங்க."

மகன் கட்டிலைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அலுப்பில் வந்த சிரிப்பு, அதில் கெட்ட எண்ணம் இருந்ததாகச் சொல்ல முடியாது.

"அவங்களைப் போய்க் கேட்டீங்களா? மரக்கட்டை மாதிரி கெடக்கறாங்க. அவங்களுக்கு என்னக்கா புரியும்? அவங்களுக்கும் சேத்து நான்தானே யோசிக்கறேன்."

இதை அவர் கட்டிலுக்கு மேலே நின்றுகொண்டு, கட்டில் இல்லாதது போலச் சொன்னார். பக்கவாதம் வந்ததிலிருந்து எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்லி வந்திருக்கிறார். அம்மாவை எங்கே படுக்க வைப்பது, எந்த அறை, யார் பார்ப்பது, எல்லாம் இந்தக் கட்டிலுக்கு மேலேதான் பேசி முடிவாயிற்று. புண் வந்த மாதங்களில் வலிக்கிறது என்று பெரியம்மா எத்தனை தடவை கையைத் தூக்கியிருப்பார் என்பதைப் பெரியம்மாவைத்தான் கேட்க வேண்டும்.

பெரியம்மாவின் இடது கை போர்வைக்கு மேலே வந்தது. காற்றில் தடவியது. அக்கா தன் கையைக் கொடுத்தார். ஒரு அழுத்தம். அக்கா காத்திருந்தார். இரண்டாவது வரவில்லை. அந்த ஒன்றையே பெரியம்மா விடாமல் பிடித்திருந்தார். விரல் முட்டி வெளுத்துவிட்டது. பார்வை மகன் மேல் இருந்தது.

"என்ன கேக்கறாங்க?" என்றார் மகன்.

"கேக்கல தம்பி. பதில் சொல்றாங்க. படத்தைக் குடுக்கச் சொல்றாங்க."

மகன் அம்மாவின் கையைப் பிரிக்கப் பார்த்தார். மெதுவாகத்தான் செய்தார். முடியவில்லை. பிறகு ஜன்னல் பக்கம் போய் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அங்கிருந்தே சொன்னார். சரி என்றார் அக்கா. பெரியம்மாவின் பிடி தளர்ந்ததும் அவரைத் திருப்பிப் படுக்க வைத்து, முழங்கால்களுக்கு நடுவே தலையணை வைத்து, போர்வையைச் சரி செய்துவிட்டுத்தான் செருப்பைப் போட்டார். வெளியே வந்து வக்கீலம்மாவுக்கு மறுபடியும் போன் செய்தார்.

மறுநாள் காலை அக்கா முதலில் அந்த வீட்டு வாசலுக்குத்தான் போனார். ஏஜென்சி அனுப்பிய புதுப் பெண் அப்போதுதான் வந்துகொண்டிருந்தாள். வலது கையைப் பிடித்து இழுக்காதே, தோள் கழன்றுவிடும் என்று சொன்னார். நல்ல கையைத் தினமும் உன் கைக்குள் வாங்கிக்கொண்டு கேள், ஒன்று என்றால் ஆமாம், இரண்டு என்றால் வேண்டாம் என்றும் சொன்னார். அவள் தலையாட்டினாள். அக்கா அவளை ஒருமுறை திருப்பிச் சொல்ல வைத்துக் கேட்டுவிட்டுப் பஸ் ஏறினார்.

கோர்ட்டில் போனை ஒரு உறையில் வாங்கிக்கொண்டார்கள். அரசு வக்கீல், அனுமதி இல்லாமல் போலீஸைப் படம் எடுத்திருக்கிறார் என்று எழுந்தார். ரோட்டைப் பார்ப்பதற்கு யாரிடம் அனுமதி வாங்குவது என்று வக்கீலம்மா கேட்டார். ஜட்ஜ் இருவரையும் உட்காரச் சொல்லிவிட்டுப் படத்தை ஓடவிடச் சொன்னார். திரையில் புண் வந்தது. யாரோ உச்சுக் கொட்டினார்கள். கடைசி வரிசையில் நின்றிருந்த இன்ஸ்பெக்டர் தரையைப் பார்த்தார். பிறகு போர்வை, ஜன்னல், தெரு, கைகள். முடிந்ததும் ஜட்ஜ் மறுபடியும் ஒருமுறை, கைகளை மட்டும், பார்த்தார்.

அடித்தது யார் என்று உங்களால் சொல்ல முடியுமா என்று ஜட்ஜ் கேட்டார். படத்தில் முகம் இல்லை, ஆனால் நான் பார்த்தேன் என்றார் அக்கா. திரும்பி இன்ஸ்பெக்டரைக் காட்டினார். கையை நீட்டவில்லை, "அந்த வாசல்கிட்ட நிக்கறவர்" என்றார். அது வேறு விசாரணை, இந்த மனுவில் அது வராது என்று ஜட்ஜ் சொல்லிவிட்டார். அந்த வேறு விசாரணை இன்றுவரை வரவில்லை. கேன்காரருக்கு ஜாமீன் கிடைத்தது. போன் கோர்ட்டிலேயே தங்கிவிட்டது.

மதியத்துக்கு முன்பே அவரை வெளியே விட்டார்கள். மனைவி அழுதுகொண்டே போய்ப் பிடித்துக்கொண்டாள். ஆஸ்பத்திரியில் கையைத் தூக்கிக் கட்டியிருந்த துணி நழுவி, முழங்கை தொங்கிக்கொண்டிருந்தது. இடது தோள் வலது தோளைவிடக் கீழே இறங்கியிருந்தது. அக்கா அவரைக் கோர்ட் வளாகத்துச் சிமெண்ட் பெஞ்சில் உட்கார வைத்து, கழுத்தெலும்பை விரலால் தடவிப் பார்த்தார். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு, மறுபடி எப்போது கேன் தூக்கலாம் என்று கேட்டார்.

"தூக்க முடியாது" என்றார் அக்கா. "இந்தக் கை இனிமே தலைக்கு மேல போகாது. எண்ணெய் போட்டு உருவ விடாதீங்க, இன்னும் கெடுத்துடுவாங்க. எலும்பு டாக்டர்கிட்ட நாளைக்கே போங்க. வேற வேலை பாத்துக்கோங்க."

அவர் தலைகுனிந்து உட்கார்ந்திருந்தார். அக்கா பழைய முடிச்சை அவிழ்த்து, துணியை உதறி மடித்து, முழங்கையை ஏந்திப் பிடித்து, மணிக்கட்டு முழங்கையைவிடக் கொஞ்சம் மேலே இருக்கும்படி வைத்து, முடிச்சுக் கழுத்தெலும்பில் படாமல் பக்கவாட்டில் போட்டுக் கட்டினார்.